440 லிட்டர் போதுமா? குடும்ப மின்காரின் பின்பக்கச் சாமான் இடத்தை (பூட்) அளக்கும் விதம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஒன்பது மாதம். பொங்கலுக்கு முன்னால் தஞ்சாவூரிலிருந்து மாமியார் வருகிறார், மூன்று மாதம் இருப்பார், வெளியே போனால் சக்கர நாற்காலி வேண்டும். பிஒய்டி அட்டோ 3, ஹியுண்டாய் ஐயோனிக் 5, டெஸ்லா மாடல் ஒய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பூட்டின், அதாவது பின்பக்கச் சாமான் இடத்தின், அளவு 440, 527, 854 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். "அப்படியென்றால் டெஸ்லாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாமான் போகுமா அண்ணா? அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?" என்பது உங்கள் கேள்வி.

இரண்டு மடங்கு போகாது. மாடல் ஒய் பெரிய பூட்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவெடுத்தால் தவறான காரை வாங்கக்கூடும். நான் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சாமானின் கன அளவு ஒன்று, அது உள்ளே நுழையும் வடிவம் வேறொன்று என்பதை தினமும் பார்க்கிற வேலை. வீட்டில் நான்கு ஆண்டுகளாக மின்கார் ஓட்டுகிறோம். கடைசி இரண்டு ஆண்டு என் அப்பா சக்கர நாற்காலியில் இருந்தார். அதனால் நீங்கள் கேட்பது எனக்கு வெறும் எண் விஷயம் இல்லை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த லிட்டர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஐரோப்பிய முறையில் பூட்டை அளப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை உள்ளே அடுக்குவார்கள். ஒரு கட்டை சரியாக ஒரு லிட்டர். எத்தனை கட்டை போகிறதோ அத்தனை லிட்டர். இதை விடிஏ முறை என்பார்கள். பொதுவாகப் பின்னிருக்கைக்குப் பின்னால் இருக்கும் மூடுபலகை வரைக்கும்தான் இந்த அடுக்கு. அட்டோ 3-இன் 440-உம் ஐயோனிக் 5-இன் 527-உம் இந்த வகைக் கணக்கு. டெஸ்லாவின் 854 அப்படி இல்லை. அதில் தரைக்கு அடியில் இருக்கும் ஆழமான குழியும் சேரும், மேலே கூரை வரைக்கும் உள்ள இடமும் சேரும். கூரை வரை அடுக்கிக்கொண்டு பின்கண்ணாடியில் எதுவும் தெரியாமல் விரைவுச்சாலையில் ஓட்டுகிற ஆள் நீங்கள் இல்லையென்றால், அந்த மேல்பாதி உங்களுக்குக் கிடையாது. ஆகவே ஒரே அளவுகோலால் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

ஒரே அளவுகோலில் அளந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கட்டை சின்னது, எந்த மூலையிலும் நுழையும். உங்கள் பெட்டி நுழையாது. ஊரிலிருந்து வருகிற பெரிய பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ. என்பது பல விமான நிறுவனங்களின் வரம்பு. 76, 51, 31 என்று வைத்தால் ஒரு பெட்டி 120 லிட்டர். காகிதத்தில் 440 லிட்டருக்குள் மூன்றரைப் பெட்டி போக வேண்டும். மூடுபலகையைக் கழற்றாமல் ஏற்றிப் பார்த்தால் பெரியது இரண்டு, சந்தில் ஒரு கைப்பெட்டி, அவ்வளவுதான். சக்கர வளைவு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும், பின்கதவு உள்நோக்கிச் சாய்ந்திருக்கும், இருக்கையின் முதுகு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். விமானத்திலும் இதே கதைதான். உடல் வளைவாக இருப்பதால், மேலே போகப் போகச் சரக்கை உள்வாங்கி அடுக்க வேண்டும். சதுரமாக அடுக்கினால் கதவு மூடாது.

ஆகவே டேப் எடுத்துப் போய் நான்கு அளவுகளை எடுங்கள். சக்கர வளைவுகளுக்கு இடையே தரையின் அகலம். பின்னிருக்கையின் முதுகிலிருந்து கதவு வரை தரையின் நீளம், இதைத் தரைமட்டத்திலும் எடுங்கள், ஒரு முழ உயரத்திலும் எடுங்கள், இரண்டும் வேறாக இருக்கும். கதவு திறந்தபின் வாயின் மிகக் குறுகிய அகலமும் உயரமும். கடைசியாக, நிலத்திலிருந்து பூட்டின் விளிம்பு எவ்வளவு உயரம் என்பது. இந்தக் கடைசி அளவை எந்த விற்பனைத் தாளிலும் பெரிதாகப் போடுவதில்லை. தூக்கி வைக்கிற ஆளுக்கு அதுதான் முக்கியம்.

மின்காரில் அந்த விளிம்பு ஏன் உயரமாக இருக்கிறது என்றால், பேட்டரி முழுக்கத் தரைக்கு அடியில் படுத்திருக்கிறது. பல கார்களில் பின் அச்சில் மோட்டார் வேறு இருக்கிறது, அது பூட்டின் தரையை மேலே தள்ளும். பின்னிருக்கையை மடித்தால் ஒரு படி மாதிரி மேடு வருவதும் பல கார்களில் உண்டு. இரண்டு மட்டத்தில் வைக்கக்கூடிய தரைப்பலகை இருந்தால் அந்த மேடு மறையும், ஆனால் பலகையை மேலே வைத்த அளவுக்கு ஆழம் போகும். பதிலுக்குக் கிடைப்பதும் உண்டு. எரிபொருள் தொட்டி இல்லை, புகைபோக்கிக் குழாய் இல்லை, முன்னால் இன்ஜின் இல்லை. அதனால் தரைக்கு அடியில் குழியும், சில கார்களில் முன்னால் ஒரு பெட்டியும் கிடைக்கின்றன.

அந்த முன்பெட்டியை ஃப்ரங்க் என்பார்கள். பலரும் அதை வேடிக்கைப் பொருளாக நினைக்கிறார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த இடம். ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா சந்தையில் மீன், நண்டு, ஆட்டுக்கறி வாங்கி அதில் வைத்துவிட்டால், வாடை காருக்குள் வராது. ஐஸ் கரைந்து ஒழுகினாலும் பின்னால் கம்பளத்தில் இறங்காது. ஒரு ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. வாங்குவதற்கு முன் இது எத்தனை லிட்டர் என்று பாருங்கள், ஏனென்றால் ஒரே காரிலேயே மாறும். ஐயோனிக் 5-இல் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் காருக்கு 57 லிட்டர், நான்கு சக்கரமும் இழுக்கும் காருக்கு 24 லிட்டர். முன்னால் ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்துவிடுகிறது, அதுதான் காரணம். மாடல் ஒய்யில் 117 லிட்டர், ஒரு கைப்பெட்டியும் காய்கறிப் பையும் போகும். 2022-இல் இங்கே விற்பனைக்கு வந்த அட்டோ 3-இல் முன்பெட்டி கிடையாது. சந்தைக்கு வாரம் தவறாமல் போகிற வீடு என்றால் இதைக் கணக்கில் எடுங்கள். இல்லாவிட்டால் மூடியோடு கூடிய ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வாங்கிப் பின்னால் வைத்துவிடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

சரி, இப்போது விற்பனையாளர் சொல்லும் இரண்டாவது பெரிய எண். "இருக்கையை மடித்தால் 1,340 லிட்டர்" என்று சொல்லியிருப்பார். அந்த எண்ணை உங்கள் வீட்டில் அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு மறந்துவிடுங்கள். சிங்கப்பூரில் 1.35 மீட்டர் உயரத்துக்குக் குறைந்த பிள்ளைகள் காரில் தங்களுக்குப் பொருத்தமான குழந்தை இருக்கையில் உட்கார வேண்டும், அது சட்டம். உங்கள் மகள் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம். குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பெரும்பாலும் பின்னிருக்கையின் இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். இரண்டு ஓரமும் அடைபட்டபின் 60-க்கு 40 என்று பிரியும் இருக்கையில் எந்தப் பகுதியையும் மடிக்க முடியாது. ஒரு குழந்தை இருக்கையைக் கழற்றி, மடித்து, சாமான் ஏற்றி, திரும்ப வந்து மறுபடி மாட்டுவது என்பது ஒரு முறை செய்வீர்கள். இரண்டாம் முறை டெலிவரிக்குச் சொல்லிவிடுவீர்கள்.

நடுப்பகுதி மட்டும் தனியாக மடியும் இருக்கை சில கார்களில் இருக்கிறது. அது இருந்தால் இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போதே நீளமான பொருள் உள்ளே நீட்டிக்கொண்டு போகும். பொங்கலுக்குக் கேம்பல் லேனில் கரும்பு வாங்கினால் அது எப்படிக் காரில் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரரிடம் இரண்டாக வெட்டித் தரச் சொல்லலாம்தான். ஆனால் தோகையோடு முழுக் கரும்பை வாசலில் சாய்த்து வைக்க வேண்டும் என்று மாமியார் சொன்னால் நடுவில் மடியும் இருக்கைதான் காப்பாற்றும். ஷோரூமில் இருக்கையின் தோள்பட்டையில் எத்தனை விடுவிப்பு நாடா அல்லது பொத்தான் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விடை தெரிந்துவிடும்.

இன்னொன்று, மாமியார் எங்கே உட்காருவார்? இரண்டு குழந்தை இருக்கைக்கு நடுவில் மிஞ்சுவது ஒரு மெலிந்த ஆளுக்கான இடம். அவர் முன்னிருக்கையிலும், உங்கள் மனைவி நடுவிலும் என்றுதான் முடியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு முன்னிருக்கைதான் நல்லது, உயரமும் சரியாக இருக்கும். ஆனால் மகனின் இருக்கை பின்னோக்கிப் பார்க்கும் வகை என்றால் அது முன்னிருக்கையை முன்னே தள்ளும். பாட்டிக்குக் கால் நீட்ட இடம் வேண்டும் என்றால், பின்னோக்கும் இருக்கையை ஓட்டுநருக்குப் பின்னால் மாட்டிப் பாருங்கள். நீங்கள் உயரமானவர் என்றால் அங்கேயும் இடிக்கும். இதை வாங்குமுன் சோதிக்க வேண்டும், வாங்கியபின் அல்ல.

சக்கர நாற்காலிக்கு வருகிறேன். பூட்டைப் பொறுத்தவரை உங்கள் முடிவை இதுதான் தீர்மானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கள் அப்பாவின் இரும்பு நாற்காலி 18 கிலோ. மடித்தால் 30 செ.மீ. தடிமன், ஆனால் உயரமும் நீளமும் குறையாது. நிறுத்தி வைத்தால் மூடுபலகையைத் தாண்டி நிற்கும், படுக்க வைத்தால் தரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். படுக்க வைப்பதுதான் சரி. முதலில் கால்தாங்கிகளைக் கழற்றித் தனியாக ஒரு துணிப்பையில் போடுங்கள், நீளம் ஒரு சாண் குறையும். அப்புறம் பெரிய சக்கரம் இருக்கைப் பக்கமாக உள்ளே போகிற மாதிரி சரித்து ஏற்றுங்கள். அதன்மேல் ஒரு பழைய போர்வை, போர்வையின்மேல் மடித்த ஸ்ட்ரோலர் (பிள்ளையின் தள்ளுவண்டி). பூட்டின் தரை நீளம் போதாமல் நாற்காலி குறுக்குவாட்டில் கொஞ்சம் சாய்ந்தால்கூட ஸ்ட்ரோலருக்கு இடம் இருக்காது. 440 லிட்டர் பூட்டில் இரண்டும் சேர்ந்து போகுமா என்பதை அந்த இரண்டு பொருளின் அளவுதான் சொல்லும், லிட்டர் சொல்லாது.

தூக்குவது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வேலைக்குப் போனபின் பகலில் மருத்துவரிடம் அழைத்துப் போவது உங்கள் மனைவி. 18 கிலோவை 75 செ.மீ. உயர விளிம்புக்கு மேலே தூக்கி, உள்ளே ஒரு சாண் கீழே இறக்கி, திரும்ப எடுக்கும்போது அந்த ஒரு சாணையும் சேர்த்துத் தூக்க வேண்டும். இறக்குவதைவிட வெளியே எடுப்பதுதான் முதுகைப் பிடிக்கும். என் மனைவிக்கு அப்படித்தான் இடுப்பு பிடித்து இரண்டு வாரம் படுத்தார். அதன்பிறகுதான் நான் தரைப்பலகையை மேல்மட்டத்துக்கு மாற்றினேன். ஆழம் குறைந்தது, ஆனால் நாற்காலி விளிம்போடு சமமாகச் சறுக்கி வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. நீங்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். மூன்று மாதத்துக்கு ஊரிலிருந்து கனமான நாற்காலியைக் கொண்டுவர வேண்டாம். சின்னச் சக்கரம் உள்ள, பின்னாலிருந்து தள்ளும் அலுமினிய நாற்காலி இங்கே கிடைக்கிறது, எடை ஏறத்தாழ பாதிதான், மடித்தாலும் சிறியது. காரை மாற்றுவதைவிட நாற்காலியை மாற்றுவது மலிவு.

இனி கார் பார்க். பூட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் திறக்க முடியாவிட்டால் பயனில்லை, நம் ஊர் கார் பார்க்கில் அது நடக்கும். இங்கே வழக்கமான நிறுத்துமிடம் 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். அட்டோ 3-இன் நீளம் 4.455 மீட்டர், மிச்சம் 34 செ.மீ. ஐயோனிக் 5 ஏறத்தாழ 4.65, மிச்சம் ஒரு சாணுக்கும் குறைவு. மாடல் ஒய் 4.75-ஐத் தொடும் அல்லது தாண்டும், மிச்சம் அதிகம் போனால் 5 செ.மீ. சிங்கப்பூரில் எல்லோரும் பின்னோக்கி நிறுத்திப் பழகியவர்கள். பின்னால் சுவர் இருந்தால் பூட் திறக்கும், நீங்கள் நடுவில் நுழைய முடியாது. சாமானை ஏற்றிவிட்டு நிறுத்த வேண்டும், அல்லது நிறுத்தாமல் வழியில் நின்று ஏற்ற வேண்டும்.

இங்கேதான் சார்ஜ் போடும் துளை எங்கே இருக்கிறது என்பது பூட்டைத் தொடுகிறது. இதை யாரும் வாங்கும்போது இணைத்துப் பார்ப்பதில்லை, ஆனால் தினசரி வாழ்க்கையில் இது பெரிய விஷயம். மின்னூட்டி பெரும்பாலும் நிறுத்துமிடத்தின் உள்முனையில், சுவரிலோ தூணிலோ இருக்கும். மாடல் ஒய்யின் துளை பின்னால் இடப்பக்கம், ஐயோனிக் 5-இன் துளை பின்னால் வலப்பக்கம். இந்த இரண்டையும் பின்னோக்கி நிறுத்தினால்தான் கம்பி வசதியாக எட்டும். அப்படி நிறுத்தினால் பூட் சுவரைப் பார்க்கும், பக்கத்தில் கம்பி தொங்கும். அட்டோ 3-இன் துளை முன்னால் வலது பக்கம். முன்னோக்கி நிறுத்தி சார்ஜ் போடலாம், பூட் வண்டிகள் போகும் பாதையைப் பார்த்தபடி தாராளமாகத் திறந்திருக்கும். இரவு எட்டு மணிக்குச் சூப்பர்மார்க்கெட் பைகளோடு வந்து, சார்ஜ் போட்டுவிட்டு, தூங்குகிற பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மின்தூக்கிக்கு நடக்கிற ஆளுக்கு இதன் அருமை தெரியும். வண்டிகள் போகும் பாதையில் பூட் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் வருகிற வண்டியைப் பார்த்துத் திறக்க வேண்டும், அது மட்டும்தான்.

உயரமும் உண்டு. மேலே திறக்கும் கதவு கூரையைவிட உயரமாகப் போகும். பல வணிக வளாகங்களின் அடித்தளத்தில் குழாய்களும் உத்தரங்களும் தாழ்வாக இருக்கும். ஓர் அடித்தளத்தில் எங்கள் காரின் கதவு தானாகத் திறந்து ஒரு குழாயின் பிடியில் இடித்து ஓரத்தில் சாயம் போனது. மின்சாரத்தில் திறக்கும் கதவுகளில் பெரும்பாலும் உயரத்தை நாமே அமைக்கலாம். வேண்டிய உயரத்தில் கதவை நிறுத்திவிட்டு, கதவின் அடியில் உள்ள பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். உங்கள் புளோக் கார் பார்க்கின் உத்தரத்துக்குக் கீழே நிற்கிற அளவில் வைத்துவிடுங்கள், உங்கள் மனைவியின் கைக்கு எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையை ஏற்றுவதும் ஏற்றுவதுதானே, அகலத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐயோனிக் 5-இன் அகலம் 1.89 மீட்டர். 2.4 மீட்டரில் நடுவாக நிறுத்தினால் பக்கத்துக்கு 25 செ.மீ. பக்கத்து வண்டியும் அதே போல விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து அரை மீட்டர். அதற்குள் பின்கதவைத் திறந்து, ஒன்பது மாதப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, வாரைப் பூட்ட வேண்டும். சக்கர நாற்காலியைக் கதவோரம் கொண்டுவரவே முடியாது. ஆகவே மாமியாரையும் பிள்ளைகளையும் புளோக்கின் கீழே இறக்கும் இடத்தில் ஏற்றி இறக்கிவிட்டு, நீங்கள் மட்டும் போய் நிறுத்துங்கள். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் காரின் அகலம் பெரிய தொல்லையாகத் தெரியாது.

மின்னூட்டக் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வீவக கார் பார்க்குகளில் உள்ள மெதுவான மின்னூட்டிகளில் சிலவற்றில் கம்பி சேர்ந்தே இருக்கும், சிலவற்றில் துளை மட்டும்தான், நம் கம்பியை நாம் கொண்டுபோக வேண்டும். உங்கள் புளோக்கில் எந்த வகை என்று இன்றைக்கே கீழே போய்ப் பார்த்துவிடுங்கள். நம் கம்பி தேவை என்றால் அது ஐந்தாறு மீட்டர் நீளம், சில கிலோ எடை, மழை நாளில் சேறும் ஈரமுமாகத்தான் வரும். தரைக்கு அடியில் உள்ள குழிதான் அதற்கு இடம் என்று புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அதில் வைத்துவிட்டு மேலே நாற்காலி, ஸ்ட்ரோலர், அரிசி மூட்டை எல்லாம் ஏற்றினால், கம்பி எடுக்க எல்லாவற்றையும் இறக்க வேண்டும். முன்பெட்டி இருந்தால் கம்பி அங்கே. இல்லாவிட்டால் பூட்டின் பக்கவாட்டுப் பள்ளத்தில், நீர் புகாத பையில். எங்கள் வேலையில் முதல் பாடமே இதுதான்: முதலில் வேண்டியதைக் கடைசியில் ஏற்று.

அந்தக் குழியில் மாற்றுச் சக்கரம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான மின்கார்களில் ஒட்டும் திரவமும் காற்றடிக்கும் சின்ன இயந்திரமும் மட்டும்தான். அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, எப்போதும் எடுக்க முடிகிற இடத்துக்கு மாற்றுங்கள்.

எடையைப் பற்றி யாருமே கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. விமானச் சரக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக இருக்கும் சாமானுக்கு, ஒரு கன மீட்டர் 167 கிலோ என்று வைத்துக் கட்டணம் போடுவோம். இடம் தீர்ந்தாலும் விமானம் நிறைந்தது, எடை தீர்ந்தாலும் நிறைந்தது. காரும் அப்படித்தான். பேட்டரியே பல நூறு கிலோ என்பதால் மின்காரின் மொத்த எடை வரம்பில் நமக்கு மிஞ்சுவது குறைவு. அட்டோ 3-இன் வெற்றெடை 1,750 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,160 கிலோ. நடுவில் 410 கிலோ, அதில் ஓட்டுநரும் அடக்கம். 70 கிலோவில் ஐந்து பெரியவர்கள் ஏறினால் 350. பாக்கி 60 கிலோ. விமான நிலையத்திலிருந்து 30 கிலோ பெட்டி மூன்று வந்தால் பூட் மூடினாலும் கார் அதிகச் சுமையோடு போகிறது. உங்கள் வீட்டில் இரண்டு பேர் சின்னப் பிள்ளைகள் என்பதால் இப்போதைக்குப் பயமில்லை. இருந்தாலும் வாங்கப் போகும் காரின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடையைப் படியுங்கள். முழுச் சுமைக்குச் சக்கரங்களில் எவ்வளவு காற்று என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும். ஜோகூர் பாருவுக்குக் குடும்பத்தோடு போவதற்கு முதல் நாள் அந்த அளவுக்கு அடித்துவிடுங்கள்.

ஜோகூர் என்றதும் நினைவு வருகிறது. திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பூட்டைத் திறக்கச் சொன்னால் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி அடுக்குங்கள். முன்பெட்டி இருந்தால் அதையும் திறக்கத் தயாராக இருங்கள். 48 மணி நேரத்துக்குக் குறைவாகப் போய்வந்தால் ஜிஎஸ்டி விலக்கு ஆளுக்கு 100 வெள்ளி வரைதான், அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி. பெரிய பூட் இருக்கிறது என்பதற்காக நிரப்பிக்கொண்டு வந்தால் வரி கட்ட வேண்டியிருக்கும், அது தெரிந்திருந்தால் போதும்.

கனமானது கீழே, முன்னே. அதாவது பின்னிருக்கையின் முதுகை ஒட்டி. பிள்ளைகள் பின்னால் உட்காரும் காரில் இதை விடாப்பிடியாகச் செய்யுங்கள். அரிசி மூட்டையையும் தண்ணீர்ப் பெட்டியையும் இருக்கையின் முதுகோடு ஒட்டி வைத்தால் திடீர் பிரேக்கில் நகர இடமில்லை. ஒரு முழம் தள்ளி வைத்தால் அந்த ஒரு முழ வேகத்தோடு வந்து இருக்கையில் மோதும். மூடுபலகைக்கு மேலே எதையும் வைக்காதீர்கள், குடையைக்கூட.

சரி, மூன்று காரில் எது? மாமியார் வராத ஒன்பது மாதத்துக்கு அட்டோ 3 உங்களுக்குப் போதும். ஒரு ஸ்ட்ரோலர், வாரச் சாமான், டயப்பர் பை, எல்லாம் போகும், முன்னால் துளை இருப்பதால் கார் பார்க்கில் உங்கள் வாழ்க்கை எளிதாக இருக்கும். அவர் வருகிற அன்றும் போகிற அன்றும் சாங்கிக்கு ஒரு மேக்ஸிகேப் (பெரிய டாக்ஸி) சொல்லிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு நாளுக்காகப் பெரிய கார் வாங்குவதை நான் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் அவர் இனி ஆண்டுதோறும் வந்து நீண்ட நாள் தங்குவார், வாரத்தில் மூன்று நான்கு முறை நாற்காலியும் ஸ்ட்ரோலரும் சேர்ந்தே வெளியே போகும் என்றால் என் பதில் மாறும். அப்போது தரை நீளம்தான் முக்கியம், மாடல் ஒய் அதில் நன்றாக இருக்கிறது. விலையும் கார் பார்க் நெருக்கமும் அதற்கான ஈடு. ஐயோனிக் 5 உட்கார மிக வசதியான கார், பூட் அகலம், ஆனால் பின்கண்ணாடி சாய்வதால் உயரமான சாமானுக்கு அவ்வளவு தோதில்லை.

நீங்கள் பார்க்காத ஒன்றையும் பார்த்துவிடுங்கள், பிஒய்டி எம்6. ஏழு இருக்கை என்றதும் டாக்ஸி மாதிரி என்று தள்ளிவிடுகிறார்கள். மூன்றாம் வரிசை நிமிர்ந்திருந்தால் பின்னால் 180 லிட்டர்தான், ஒரு சின்னப் பெட்டியோடு சரி. மூன்றாம் வரிசையை மடித்துவிட்டால் 580 லிட்டர், பெட்டி போன்ற நிமிர்ந்த வடிவம். நீளம் 4.71 மீட்டர், ஆனால் அகலம் 1.81 மீட்டர்தான், அட்டோ 3-ஐவிட 6 செ.மீ. குறைவு. பிள்ளையை இருக்கையில் உட்காரவைக்கும்போது அந்த ஆறு செ.மீ. உதவும். நாற்காலி வைக்கிற வீட்டுக்கு அழகைவிட இந்த நிமிர்ந்த வடிவம்தான் ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

இங்கே கார் வாங்க எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) பற்றிக் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். மின்கார்களுக்கு 110 கிலோவாட் வரை ஏ பிரிவு, அதற்கு மேல் பி பிரிவு. ஒரே கார் இரண்டு பிரிவிலும் விற்கப்பட்டால், மோட்டாரின் சக்தி குறைவதால் பூட் குறையாது. குறைந்த சக்தியுள்ளதை எடுத்தால் இட விஷயத்தில் ஒன்றும் இழக்கமாட்டீர்கள்.

ஷோரூமுக்குப் போகும்போது இரண்டு குழந்தை இருக்கை, ஸ்ட்ரோலர், டேப் மூன்றையும் எடுத்துப் போங்கள். இருக்கைகளை மாட்டி, உங்கள் மனைவியை நடுவில் உட்காரச் சொல்லி, ஸ்ட்ரோலரை ஏற்றிப் பாருங்கள். இருபது நிமிடம் ஆகும், யாரும் மறுக்க மாட்டார்கள். ஓட்டிப் பார்க்கக் காரைக் கொடுக்கும்போது நேராக உங்கள் புளோக் கார் பார்க்குக்கு ஓட்டிப்போய், வழக்கமாக நிறுத்தும் தளத்தில் நிறுத்தி, பூட்டைத் திறந்து பாருங்கள். 2024-இல் இங்கே அதிகம் விற்ற மின்கார் பிராண்டு பிஒய்டி என்பதால் உங்கள் புளோக்கிலேயே அட்டோ 3 வைத்திருப்பவர் இருக்கலாம், கேட்டால் திறந்து காட்டுவார்.

நாற்காலி இன்னும் தஞ்சாவூரில்தான் இருக்கிறது என்பதால், இன்று இரவே போன் செய்து கால்தாங்கியைக் கழற்றி, மடித்து, மூன்று அளவும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த அளவில் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டி ஷோரூமுக்குக் கொண்டுபோகலாம். அளவு வந்ததும் எனக்கும் எழுதுங்கள், எந்தக் காரில் எப்படிப் படுக்க வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.